வேண்டுதலும் விசுவாசமும்: அன்றாடச் செபம் வளர்த்த சமயம்

போடிநாயக்கனூரின் விடியற்காலை ஓசைகள் நிறைந்தது. மார்கழித் திங்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் தெருக்களில் ஒலிக்கின்றன. பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழுகின்றது. தேவாலய மணி கேட்கின்றது. அதே வேளையில், ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையில் புறப்படுகின்றன. கொண்டையூசி வளைவுகள் பதினேழையும் கடந்து மலையேறும் அவ்வண்டிகளில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெண்களின் உதடுகள் அசைவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருத்தி முருகனை நினைக்கிறாள். ஒருத்தி பிஸ்மி சொல்கிறாள். மற்றொருத்தி நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, தன் பாட்டி கற்பித்த செபத்தை முணுமுணுக்கிறாள்.

இம்மூன்றாமவளின் முணுமுணுப்பிற்கு வரலாறு உண்டா என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். தமிழ்க் கிறித்தவத்தின் வரலாற்றை எழுதியோர் திருமுழுக்குப் பெற்றோரை எண்ணினர். கட்டப்பட்ட ஆலயங்களின் ஆண்டுகளைக் குறித்தனர். மேலைநாட்டுத் துறவியரின் வாழ்க்கையை விரித்துரைத்தனர். இலக்கிய வரலாற்றாசிரியரோ தேம்பாவணியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் எடுத்தாண்டு மேற்சென்றனர். நாள்தோறும் வீட்டுத் திண்ணையிலும் தோட்டத்து லயத்திலும் சொல்லப்பட்ட செபம் எவர் கணக்கிலும் சேரவில்லை. ஆயினும் ஒரு சமயம் ஒரு மண்ணில் வேரூன்றியதற்கு அதுவே முதற்காரணம் என்பது என் கருத்து. திருமுழுக்கு ஒரு நாளில் முடிவது. விசுவாசம் நாள்தோறும் வளர்வது. அவ்வளர்ச்சி தமிழ்ச் சொல்லைப் பற்றிக்கொண்டே நிகழ்ந்தது.

சொல் தரும் சான்று

‘செபம்’ என்பது ‘ஜபம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. மெல்லிய குரலில் மீண்டும் மீண்டும் உச்சரித்தல் என்பது அதன் பொருள். கிறித்தவர் இறைவனோடு பேசுவதைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்களும் இருந்தன. ‘விண்ணப்பம்’ இருந்தது, மன்றிலே நின்று முறையிடுவதை நினைவூட்டும் ‘மன்றாட்டு’ இருந்தது, ‘வேண்டுதல்’ இருந்தது. இவையெல்லாம் இன்றும் வழக்கில் உள்ளன. ஆனால் பொதுப்பெயராக நிலைத்தது செபமே. மீளச் சொல்லுதல் என்னும் பொருளைத் தன்னுள் கொண்ட சொல்லை மக்கள் தேர்ந்துகொண்டமை தற்செயலானதன்று எனலாம்.

‘வேண்டுதல்’ என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். வேண்டும் என்பது விருப்பத்தைக் குறிக்கும். வேண்டுதல் என்பது இறைவனிடம் கேட்பதையும் குறிக்கும். விருப்பமும் வழிபாடும் ஒரே வேரில் கிளைத்த சொற்களாகத் தமிழில் அமைந்துள்ளன. இவ்வமைதி ஒரு துறவியை இடறச் செய்த நிகழ்ச்சியிலிருந்தே நம் வரலாறு தொடங்குகிறது.

முத்துக்குளித்துறையில் ஒரு பிழை

1535ஆம் ஆண்டு தொடங்கி இரண்டொரு ஆண்டுகளில் முத்துக்குளித்துறையின் பரதவர் பெருந்தொகையினராகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துச் சலாபத்தின் மீதான உரிமைக்கு நேர்ந்த இடையூறுகளிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளப் போர்த்துக்கீசியரின் துணையை அவர்கள் நாடினர். அத்துணையோடு சமயமும் வந்தது. இதனை மறைக்கத் தேவையில்லை. 1542இல் பிரான்சிசு சவேரியார் அக்கரைக்கு வந்தபோது, ‘நாங்கள் கிறித்தவர்கள்’ என்பதற்கு மேல் அம்மக்கள் எதுவும் அறிந்திருக்கவில்லை என்று அவரே தம் மடலில் எழுதினார். போர்த்துக்கீச மொழி அவர்களுக்குத் தெரியாது. அவருக்கோ தமிழ் தெரியாது. அவருடைய தாய்மொழி பாஸ்கு.

சவேரியார் மேற்கொண்ட வழி எளியது. இரு மொழியும் அறிந்தோர் சிலரைக் கூட்டிவைத்து, அடிப்படைச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றைத் தாம் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியொன்றை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து சிறுவரைக் கூட்டினார். நாளுக்கு இருமுறை அச்செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். கற்ற சிறுவர் தத்தம் வீட்டில் பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் கற்பிக்க வேண்டும் என்றார். ஓர் ஊரை விட்டுப் புறப்படும்போது செபங்களின் படியொன்றை அங்கே விட்டுச் சென்றார். எழுதத் தெரிந்தோர் அதனைப் படியெடுத்துக்கொள்ளவும், ஏனையோர் மனப்பாடம் செய்து நாள்தோறும் ஓதவும் பணித்தார். 1544ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடல் இவற்றை விளக்குகிறது. ஏட்டைப் படியெடுத்தலும் மனப்பாடம் செய்தலும் தமிழகத்துத் திண்ணைப் பள்ளி முறைக்குப் புதியன அல்ல. கற்பித்தவர் அயலார், கற்பித்த முறை நம்முடையது.

அவ்வாண்டிலேயே தம் உடனுழைப்பாளரான மான்சிலாசுக்கு எழுதிய மடலொன்றில் சவேரியார் ஒரு திருத்தத்தைத் தெரிவிக்கிறார். விசுவாச அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் அதுவரை ‘வேணும்’ என்னும் பொருள்படும் சொல் வழங்கிவந்துள்ளது. ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்று பொருள். ஆகவே இனி ‘விசுவாசம்’ என்னும் சொல்லையே ஆளவேண்டும் என்கிறார். ஈராண்டளவு அக்கரையின் குழந்தைகள், ‘எல்லாம் வல்ல இறைவன் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு’ என்பதற்கு மாறாக, ‘அவர் எனக்கு வேணும்’ என்று நாள்தோறும் சொல்லிவந்திருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பு என்ற வகையில் இது பிழையே. ஆயினும் மாந்த உள்ளத்தின் வளர்ச்சி நிலையை எண்ணும்போது, இப்பிழை ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. பாதுகாப்பு வேணும், முத்து வேணும், மழை வேணும், பிள்ளை பிழைக்க வேணும் என்பதிலிருந்தே எம்மக்களின் வழிபாடும் தொடங்குகிறது. கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மறுநாளும் அச்சொற்களையே சொல்லும்போது, கேட்பதைக் காட்டிலும் கேட்கப்படுகிறவர் முதன்மை பெறத் தொடங்குகிறார். வேண்டுதலுக்கும் விசுவாசத்திற்கும் இடைப்பட்ட வழி நெடியது; அவ்வழியை நடக்க ஒரு திருத்தமடல் போதாது, பல ஆயிரம் விடியல்கள் வேண்டும்.

அச்சேறிய வணக்கம்

சவேரியார் விதைத்ததைப் பயிராக்கியவர் என்றிக்கே என்றிக்கசு அடிகள். 1546இல் இந்தியாவிற்கு வந்து, 1600இல் மறையும்வரை முத்துக்குளித்துறையிலேயே பெரும்பாலும் வாழ்ந்தவர் அவர். தமிழை முறையாகக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். மனப்பாடத்தோடு பொருளுணர்தலும் வேண்டும் என்பது அவர் கருத்தாக இருந்தது. அதற்கு நல்ல தமிழில் அமைந்த நூல்கள் தேவைப்பட்டன.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பெற்ற ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழி எழுத்தொன்றில் அச்சான முதல் நூல் அதுவே. அடுத்த ஆண்டில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சாயிற்று. 1586இல் புனிதர் வரலாறாகிய ‘பிளோசு சாங்க்தோரும்’ வெளிவந்தது. இவற்றிற்கும் முன்பே, 1554இல், தமிழ்ச் செபங்களை உரோமன் எழுத்தில் தந்த சிறு நூல் லிசுபனில் அச்சாகியிருந்தது.

இந்நூல்களை நாம் ‘முதல் அச்சு நூல்’ என்னும் பெருமையோடு குறிப்பிட்டு நிறுத்திவிடுகிறோம். அந்நூல் எதற்காக அச்சானது என்று கேட்பதில்லை. காப்பியம் அச்சாகவில்லை; அரசாணை அச்சாகவில்லை; இலக்கணமும் அச்சாகவில்லை. நாள்தோறும் சொல்ல வேண்டிய செபமும் அதன் பொருளைக் கற்பிக்கும் பாடமுமே முதலில் அச்சேறின. நாள்தோறும் கைக்கு வேண்டிய நூல் என்பதாலேயே அதற்குப் படிகள் பல தேவைப்பட்டன. தமிழ் அச்சின் வரலாறு வீட்டுச் செபத்தின் தேவையிலிருந்து பிறந்தது என்பது கவிஞர்களாகிய நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

நூலின் பெயரும் நோக்கத்தக்கது. ‘தம்பிரான்’ சைவ மரபில் பயின்ற சொல். ‘வணக்கம்’ எல்லார்க்கும் பொதுவான சொல். அயலிலிருந்து வந்த சமயம் நாள்தோறும் நாவில் புரள வேண்டுமாயின் நாவிற்குப் பழகிய சொல்லில்தான் வரவேண்டும் என்பதை என்றிக்கசு உணர்ந்திருந்தார்.

குருவற்ற ஊர்கள்

கடற்கரையிலிருந்து உள்நாட்டிற்கு வருவோம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நொபிலி தொடங்கிய பணி, அடுத்த நூற்றாண்டிற்குள் காவிரிக்கரை வரையிலும் மறவர் நாடு வரையிலும் பரவிற்று. பரவிய நிலப்பரப்போ பெரிது. குருக்களோ மிகச் சிலர். பல ஊர்கள் குருவின் முகத்தை எப்போதாவது ஒருமுறையே கண்டன. எஞ்சிய நாள்களில் சமயத்தைத் தாங்கியவர்கள் உள்ளூர் உபதேசியார்களாகிய வேதியர்களே. மாலையில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுதல், குழந்தைகளுக்கு மந்திரங்களைக் கற்பித்தல், இறக்கும் தறுவாயில் இருப்போரின் அருகில் அமர்ந்து செபித்தல் ஆகியன அவர்கள் பணிகள். செபத்தை ‘மந்திரம்’ என்று வழங்குவது கத்தோலிக்க முதியோரிடம் இன்றும் காணப்படும் வழக்கம்.

வீரமாமுனிவர் என்றதும் நமக்குத் தேம்பாவணியும் சதுரகராதியும் தொன்னூலும் நினைவிற்கு வருகின்றன. 1727இல் அவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை மிகச் சிலரே எடுத்துப் படிக்கிறார்கள். தேம்பாவணி அரங்கேறியதாகக் கருதப்படும் 1726ஐ அடுத்த ஆண்டிலேயே அவர் இந்நூலை எழுதியமை கருதத்தக்கது. பிறருக்குச் செபம் கற்பிப்பவன் தன் உள்ளத்தை முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். காப்பியம் எழுதிய கையே ஊர்ப்புறத்து உபதேசியாருக்கும் எழுதியது. எதனை முனிவர் பெரிதாக எண்ணினார் என்று நம்மால் சொல்லமுடியாது.

குருவற்ற காலத்தின் வலிமைக்கு ஈழத்திலிருந்து ஒரு சான்று. 1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் கைப்பற்றிய பின் கத்தோலிக்க வழிபாடு அங்குத் தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாசு அடிகள் கூலியாள் கோலத்தில் அங்குச் சென்றார். யார் கத்தோலிக்கர் என்று கேட்பது உயிருக்கு ஊறு. எனவே கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாக இரந்து நடந்தார். அம்மாலையைக் கண்டதும் எக்கண்களில் மாற்றம் தெரிகிறது என்று பார்த்தார். மாற்றம் தெரிந்தது. ஒரு தலைமுறைக் காலம் பூசையின்றி, குருவின்றி, ஆலயமின்றி, மூடிய கதவுக்குப் பின்னே அச்செபம் உயிரோடு இருந்திருக்கிறது. பூசைக்குக் குரு வேண்டும். மாலைச் செபத்திற்குத் தாய் போதும்.

தமிழகத்திலும் அந்நிலை வந்தது. 1773இல் இயேசு சபை திருத்தந்தையால் கலைக்கப்பட்டது. அச்சபையினர் மதுரைப் பணிக்கு மீண்டது 1837க்குப் பின்னரே. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் எஞ்சியிருந்த குருக்கள் மிகச் சிலர். எனினும் சிற்றூர்களில் சமயம் அற்றுப்போகவில்லை. அதற்கு வேதியர்களும் வீட்டுச் செபமும் தந்த பங்கினை அளக்க அளவுகோல் இல்லை. விளைவைக் கண்டே உணரவேண்டியுள்ளது.

பாட்டாகிய செபம்

சீர்திருத்தச் சபையாரின் வழியில் செபம் வேறொரு வடிவம் பெற்றது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர்க்குப் பின் வந்தோரும் செருமானியப் பாடல்களை அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கினர். அவை ‘ஞானப்பாட்டுகள்’ எனப்பட்டன. கோயிலில் இசைக்கருவியோடு பாட அவை ஏற்றவை. களையெடுக்கும்போதும் தொட்டிலாட்டும்போதும் நாவில் தாமே வருபவையாக அவை எளிதில் அமையவில்லை.

அக்குறையை நீக்கியவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864). பெத்லகேம் குறவஞ்சியைப் பாடிய அவர், செபத்தையே இராகமும் தாளமும் கொண்ட கீர்த்தனைகளாக்கினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் நம் கட்டமைப்பில் பல்லவி மீண்டும் மீண்டும் வருவது. செபம் என்னும் சொல்லின் பொருளும் மீளச் சொல்லுதலே. இரண்டும் தம்முள் இயல்பாகப் பொருந்தின.

இதனைப் புரிந்துகொண்டவர் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப். மேலைநாட்டு மெட்டுகள் ஊர்ப்புற மக்களின் உள்ளத்தில் தங்கவில்லை என்பதை உணர்ந்து, முதுமையுற்றிருந்த சாத்திரியாரின் பாடல்களைப் பெற்றுத் தொகுத்து 1853இல் கிறித்தவக் கீர்த்தனை நூலை வெளியிட்டார். பின்னர் வாஷ்பர்ன் அதனை விரிவாக்கினார். இன்று தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் வழங்கும் கீர்த்தனை நூல்களுக்கு இத்தொகுப்பே முன்னோடி. நூல் தொகுப்பட்டது நம் மதுரைப் பகுதியின் மிஷனில் என்பது நாம் மகிழத்தக்கது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு அச்சுநூல் பயன்படாது, பாட்டுப் பயன்படும். இரவு உணவிற்கு முன் ஒரு கீர்த்தனை, வேதத்தில் ஓர் அதிகாரம், முழங்காலில் நின்று ஒரு செபம் என்று ‘குடும்ப ஜெபம்’ வடிவம் பெற்றதில் கீர்த்தனையின் பங்கு பெரிது.

ஒரு புலவரின் நெடுவழி

தனி ஒருவர் உள்ளத்தில் விசுவாசம் படிப்படியாக வளர்ந்தமைக்குத் தமிழிலக்கியத்தில் எச்.ஏ. கிருட்டிண பிள்ளையை விடச் சிறந்த சான்று இல்லை. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனிலும் திவ்வியப் பிரபந்தத்திலும் தோய்ந்தவர். 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியேற்றார். அங்கே மாணவரின் காலை மாலைச் செபங்களுக்கு நடுவில் வாழ்ந்தார். ஆயினும் உடனே மனம் மாறினாரல்லர். தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனக்கோடி ராசுவும் முன்னே சென்றனர். அவர் தயங்கினார், வாதிட்டார், படித்தார். 1858இல்தான் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார்.

பலர் கதையை இங்கே முடித்துவிடுவர். எனக்கோ இதன் பிற்பகுதியே முதன்மையாகப் படுகிறது. இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தது 1894இல். திருமுழுக்கிற்கும் அந்நூலுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் உள்ளன. பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி, மூவாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்களால் அமைந்த அக்காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் செபப் பாடல்கள் வருகின்றன. கதைமாந்தன் நடக்கிறான், நடக்க இயலாதபோது பாடுகிறான். அப்பாடல்களில் ஆழ்வார்களின் கண்ணீரும் தேவார மூவரின் உருக்கமும் புதிய பெயரை நோக்கித் திரும்பியிருக்கின்றன. 1899இல் இரட்சணிய மனோகரம் என்னும் தோத்திரத் தொகுதியைத் தந்து, மறு ஆண்டில் மறைந்தார். பழைய பத்தியைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் புதியதை அணியவில்லை. தம் முன்னோர் தந்த பத்திமொழியிலேயே நாற்பதாண்டு செபித்து, அதனைப் புதிய விசுவாசத்திற்கு உரிய மொழியாக்கினார்.

நம் மலைச்சரிவில்

இனி நம் மண்ணிற்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் செபம் இருவழியாக வந்து சேர்ந்தது. கத்தோலிக்க வழி மதுரைப் பணியின் தொடர்ச்சி. கம்பம் பள்ளத்தாக்கின் ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களில் கத்தோலிக்கர் மிகுதியாக வாழ்கின்றனர். இராயப்பர் என்பது பேதுருவுக்குப் பழந்தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயர். மற்றது அமெரிக்கன் மதுரை மிஷனின் வழி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1834இல் மதுரையில் பணிதொடங்கிய அம்மிஷனார், 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். அவர்களின் மலையேற்றப் பாதை பெரியகுளத்தைத் தொட்டுச் சென்றது. ஊர்தோறும் ஓர் உபதேசியார் பகலில் பள்ளி நடத்துவார். மாலையில் அதே கூரையின்கீழ் மணியடித்துச் செபம் நடத்துவார். அச்சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன.

மலைமேல் வந்த கதை வேறு. 1877இல் பூஞ்சாற்று அரசரிடம் மன்றோ நிலவுரிமை பெற்ற பின் கண்ணன் தேவன் மலைகள் தோட்டங்களாயின. அடிவாரத்து மக்களும் நெல்லைச் சீமையினரும் கங்காணிமார் பின்னே குரங்கணி வழியும் போடிமெட்டு வழியும் ஏறினர். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலை கீழே குரங்கணிக்கு இறங்கிற்று. மேலே அரிசியும் மனிதரும் ஏறினர். ஏறியவருள் கிறித்தவரும் இருந்தனர். மூணாற்றில் தோட்டத்தின் முதல் மேலாளருடைய மனைவி எலினர் 1894இல் வாந்திபேதியால் இறந்து குன்றொன்றில் அடக்கம் செய்யப்பட்டார். 1898இல் கத்தோலிக்க ஆலயம் தோன்றியது. அக்கல்லறைக் குன்றின் அடியில் 1910இல் பணிதொடங்கிய கிறித்து ஆலயம் மறு ஆண்டில் நிறைவுற்றது. இன்று அங்கே தமிழிலும் வழிபாடு நடக்கிறது. கல்லறை முதலில் வந்தது. கோயில் பின்னர் வந்தது. அதற்கும் முன்பே லயத்தின் அடுப்படியில் செபம் இருந்திருக்க வேண்டும். பெரட்டுக்கு நிற்கும் முன் சொல்வதற்குக் கோயில் தேவையில்லை.

ஏலத்தை அறிந்த நம்மவர்க்கு ஓர் ஒப்புமை கூறலாம். ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். காய்த்த பின்னும் ஒரு சரத்தின் காய்கள் ஒருசேர முற்றுவதில்லை. அடியில் முற்றிய காயும் நடுவில் பிஞ்சும் நுனியில் பூவுமாக இருக்கும். ஆகவே ஒரே செடியிடம் ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று இடைவெளி விட்டுப் பலமுறை வந்து முற்றியதை மட்டும் கிள்ளவேண்டும். எந்நாளில் இச்செடி காய்த்தது என்று ஒரு நாளைக் குறிக்க முடியாது. விசுவாசமும் அத்தகையதே.

செபத்தால் கரையாதவை

செபம் எல்லாவற்றையும் மாற்றிற்று என்று எழுதினால் அது வரலாறாகாது. வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்ட ஆலயம் சாதிக்கொரு கையாக இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. நடுவில் இருந்த தடுப்பு இடிக்கப்பட்டது 1910இல். ஒரே பலிபீடத்தை நோக்கி, ஒரே செபத்தை, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் சொன்னவர்கள் அவர்கள். 1847இல் அமெரிக்கன் மதுரை மிஷன் சாதி வேற்றுமையை விடாதோர்க்குப் பணியும் சபை உறவும் இல்லை என்று உறுதிகாட்டியபோது, நாள்தோறும் செபம் நடத்திவந்த உபதேசியார் பலரே விலகிச் சென்றனர்.

நாவில் நாள்தோறும் புரளும் சொல் சிலநேரம் நாவிலேயே நின்றுவிடும். சவேரியார் திருத்திய பிழைக்கு மறுதலையான பிழை இது. குழந்தைகள் ‘வேணும்’ என்று சொல்லி விசுவாசத்தை நோக்கி நடந்தனர். பெரியவர்கள் ‘விசுவாசம்’ என்று சொல்லித் தமக்கு வேணும் என்பதையே பற்றி நின்றனர். செபத்தின் வளர்ச்சியைப் போற்றும்போது அதன் தேக்கத்தையும் எழுதுவது ஆய்வாளரின் கடமை.

ஒரு நோட்டுப் புத்தகம்

நிறைவாக ஒன்று. என் வகுப்பில் மலைத்தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் சிலர் பயின்றதுண்டு. அவர்களுள் ஒருத்தி, சிற்றிலக்கியம் நடத்திக்கொண்டிருந்த நாளொன்றில், தன் பாட்டியின் நோட்டுப் புத்தகமொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர் அம்மூதாட்டி. கீர்த்தனைகளைப் பேச்சுவழக்கின் எழுத்துப்பிழைகளோடு படியெடுத்திருந்தார். இடையிடையே கூலிக்கணக்கும், பிள்ளைகள் பிறந்த நாளும், இறந்த நாளும் இருந்தன. கடைசிப் பக்கங்களில் தேதியிட்டு வேண்டுதல்கள். சிலவற்றின் எதிரே ‘கிடைத்தது’ என்று எழுதியிருந்தார். பலவற்றின் எதிரே எதுவும் இல்லை. மகனின் காய்ச்சல் நீங்க வேண்டும் என்னும் வரி நாள்தோறும் பதினொரு முறை வருகிறது. பன்னிரண்டாம் நாள் வரி இல்லை. முன்பக்கத்தில், இறந்த நாள்களின் வரிசையில் அத்தேதி இருக்கிறது. பதின்மூன்றாம் நாள் மீண்டும் தேதியிட்டு, எதனையும் கேளாமல், ஒரு கீர்த்தனையின் பல்லவியை மட்டும் எழுதியிருக்கிறார்.

அப்பக்கத்தை வகுப்பில் என்னால் உரக்கப் படிக்க இயலவில்லை. சவேரியாரின் மடலில் ஒரு சொல்லுக்கு மாற்றாக மறுசொல்லாக வந்த திருத்தம், இங்கே ஓர் ஏழைத்தாயின் கையால் நிறைவேறியிருந்தது.

பாட்டி இறந்தபோது வழக்கப்படி அந்நோட்டைப் பெட்டியில் உடன்வைத்து அடக்கம் செய்யவிருந்தார்களாம். மாணவியின் தாய் கடைசி நேரத்தில் எடுத்துவைத்துக்கொண்டாராம். எடுத்துவைக்கப்படாத நோட்டுகள் எத்தனையோ! அவை மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றோடு இம்மலைச்சரிவு மக்களின் தமிழும், அவர்தம் அகவாழ்வின் ஒரே எழுத்துச் சான்றும் போகின்றன.

பத்தாண்டுகளாக நம் வட்டம் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்துவருகிறது. அடுத்த பத்தாண்டில் நாம் ஒவ்வொருவரும் தத்தம் தெருவிலுள்ள முதியோர் ஒருவரையேனும் அணுகி, அவர் நாள்தோறும் சொல்லும் செபத்தை, அது தேவாரமாயினும் துஆவாயினும் கீர்த்தனையாயினும், அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதி வைப்போமாக. சவேரியார் ஊர்தோறும் கேட்டுக்கொண்டதும் அதுவே: எழுதத் தெரிந்தோர் படியெடுங்கள். நமக்கு எழுதத் தெரியும்.